போக்குவரத்துப் பொறியியல் மேற்படிப்பும் உதவித்தொகையும்

காக்ஸ் டவுனில் பி.இ. சிவில் முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் பெற்றோர் போடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தால் உடனே சம்பளம், எம்.டெக். சேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம் கைக்காசு. இரண்டாவது பாதி முழு உண்மையல்ல. முறையாகச் சேர்ந்தால் படிக்கும் பிள்ளைக்கே மாதந்தோறும் பணம் வரும்.

முதலில் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சாலை மணிக்கு எத்தனை வண்டிகளைத் தாங்கும், சிக்னலில் எத்தனை விநாடி பச்சை விளக்கு எரியவேண்டும், பஸ் கட்டணம் ஏறினால் எத்தனை பேர் ஸ்கூட்டருக்கு மாறுவார்கள் என்பதையெல்லாம் கணக்கிட்டுச் சொல்லும் துறை இது. பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தைச் சுற்றி வாழும் நமக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி., கிண்டி பொறியியல் கல்லூரி, திருச்சி மற்றும் சூரத்கல் என்.ஐ.டி.க்களில் இதைப் படிக்கலாம். நம் ஊரிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் நகரப் போக்குவரத்து ஆய்வுக்கென 2009-இல் தனி மையம் தொடங்கப்பட்டது.

உதவித்தொகைக்கு வாசல் 'கேட்' தேர்வு. (நம் ரயில்வே கேட் அல்ல!) ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பித்து பிப்ரவரியில் எழுதவேண்டும். பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். இதில் தேறி, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதம் வரை கிடைக்கும். மொத்தம் 2,97,600 ரூபாய். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்களிலும் இதே தொகைதான். பதிலுக்கு வாரம் எட்டுப் பத்து மணி நேரம் ஆய்வுக்கூடத்திலோ வகுப்பிலோ உதவி செய்யவேண்டும். விலைவாசிக்கு இது போதாது என்பது என் கருத்து. ஆனாலும் விடுதிச் சாப்பாட்டுக்கு வீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பலர் தவறவிடுவது இங்கேதான். மாநில நுழைவுத் தேர்வு எழுதியும் எம்.டெக். சேரலாம், ஆனால் சேரும் நாளில் செல்லுபடியாகும் கேட் மதிப்பெண் கையில் இல்லையென்றால் இந்தத் தொகை கிடையாது. பகுதிநேர மாணவருக்கும், கம்பெனி அனுப்பிப் படிப்பவருக்கும் இல்லை. மேலும், பணம் தானாக வந்துவிடாது. கல்லூரி முதலில் மாணவரை ஏ.ஐ.சி.டி.இ. பதிவில் சேர்த்து, பிறகு மாதாமாதம் வருகையை உறுதி செய்தால்தான் வங்கிக்கு வரும். கட்டணம் கட்டுமுன் கல்லூரி அலுவலகத்தில், "போன வருடப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை ஒழுங்காக வந்ததா?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஆராய்ச்சிப் படிப்பில் தொகை பெரிது. 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய். பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை 2018-இல் தொடங்கியது. அது 70,000-இல் ஆரம்பித்து 80,000 வரை போகும், போட்டி மிகக் கடுமை.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வுத் திட்டப் பணத்திலிருந்துதான் உதவி வரும். ஆகவே விண்ணப்பிக்குமுன் பேராசிரியருக்கு எழுதுவது நல்லது. ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்ற பேச்சை அப்படியே நம்பவேண்டாம்; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டாரிடம் கட்டணம் வாங்குகிறது.

இனி, தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல். தாழ்த்தப்பட்டோர் சான்றிதழைப் பொறுத்தவரை 1950-இல் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தது என்பதே பார்க்கப்படும். கண்டோன்மெண்ட் காலத்திலிருந்தே இங்கிருக்கும் குடும்பத்துக்குக் கர்நாடகச் சான்றிதழுக்கு உரிமை உண்டு. பின்னால் வந்தவர்கள் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கொண்டு ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு பெறலாம். கர்நாடக அரசின் சலுகைகளுக்கு அது செல்லாது. தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், பழைய வாடகைச் சீட்டு, வீட்டுவரி ரசீது எதையும் எறிந்துவிடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். தேடிச் சேர்க்கவே சில மாதம் பிடிக்கும். எனவே கேட் விண்ணப்பம் போடும் அதே ஆகஸ்டில் இதையும் தொடங்கிவிடுங்கள்.