ஏரிக்கும் ஓர் ஐந்தொகை

ஆண்டுத் தணிக்கை முடிந்ததும் அங்கத்தினர்கள் முதலில் கேட்பது சங்கத்தின் ஐந்தொகையை. வரவு, செலவு, கையிருப்பு ஆகியவை தெரியாமல் பங்காதாயம் பிரிக்க எவரும் ஒப்பார். அதே அங்கத்தினர்கள், தங்கள் வயலுக்கும் தறிக்கும் முதலாய் நிற்கும் ஏரியை மட்டும் கண்ணால் பார்த்து, நிரம்பிற்று, வற்றிற்று என்ற இரண்டு சொற்களோடு விட்டுவிடுகிறார்கள். ஏரிக்கும் கணக்கு எழுதலாம். அதற்கு வேண்டிய விஞ்ஞானம் பள்ளிக் கணக்கைத் தாண்டியதன்று.

எந்த நிலத்தில் பெய்யும் மழை ஓர் ஏரியையோ ஆற்றையோ வந்தடைகிறதோ, அந்நிலம் முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். அதற்குக் கிராம எல்லைக் கல் தெரியாது. வட்ட எல்லையும் தெரியாது. வெள்ளானூர் கொசஸ்தலையாற்றுக்குத் தெற்கே, கூவத்துக்கு வடக்கே, புழல் ஏரிக்கு மேற்கே அமைந்துள்ளது. இவ்வட்டாரத்தில் ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. சங்கிலிபோல் கோத்த இந்த ஏரிகளில் மேலேரியின் செலவே கீழேரியின் வரவு. ஆகவே நம் ஏரியின் கணக்கை மட்டும் தனியே எழுதினால் அது பாதிக் கணக்கேயாகும்.

முதலில் வரவைப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் ஒரு லட்சம் கன மீட்டர். அது முழுவதும் ஏரிக்கு வாராது. மண் குடிக்கும், செடி குடிக்கும், குழிகளில் தங்கும். நூற்றுக்கு 30 பங்கு ஓடி வந்தது எனக் கொள்வோம். 30,000 கன மீட்டர் கிடைக்கிறது. ஒரு மில்லியன் கன அடி என்பது 28,317 கன மீட்டர். எனவே, ஒரு சதுர கிலோமீட்டர், 100 மில்லிமீட்டர், நூற்றுக்கு 30 என்றால் வரவு ஏறத்தாழ ஒரு மில்லியன் கன அடி என்று மனத்தில் கொள்ளலாம். ஒரு ஏக்கர் நெற்பயிருக்கு விதைப்பு முதல் அறுப்பு வரை 120 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டுமெனில், இவ்வரவு 6 ஏக்கருக்குப் போதும். வரத்துக்கால் தூர்ந்து பாதி நீர் வேறு பக்கம் போயிற்று என்றால், 3 ஏக்கர் நெல் போயிற்று என்று பொருள். இப்படிச் சொன்னால்தான் தூர் வாரும் செலவுக்குப் பொதுக்கூட்டத்தில் கை உயரும்!

இந்த 30 பங்கு நிலையான எண்ணன்று. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய பிறகு, சென்னைக்கு மேற்கே புன்செய் நிலங்களும் மேய்ச்சல் தரைகளும் மனைகளாயும் பட்டறைகளாயும் மாறின. கூரையும் சிமெண்டும் மூடிய நிலத்தில் மழை மண்ணுள் இறங்காது. நூற்றுக்கு 70, 80 பங்கு உடனே ஓடிவிடும். அப்படியானால் ஏரிக்கு வரவு கூடும் அல்லவா என்று அங்கத்தினர் ஒருவர் கேட்கக்கூடும். கூடுவதில்லை. சில நாட்களில் மெதுவாக வரவேண்டிய நீர் சில மணி நேரத்தில் வருகிறது. பாதை அடைபட்டால் தெருவில் நிற்கிறது. வந்து சேர்வதும் சாக்கடையைக் கலந்துகொண்டு வருகிறது. அம்பத்தூர் ஏரியின் உபரிக் கால்வாயில் கழிவுநீர் கலந்தபோது, கெட்டது அதன் கீழுள்ள கொரட்டூர் ஏரி. அவ்வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 

இனிச் செலவு. மதகு திறந்து பாய்ச்சும் நீர் எல்லோருக்கும் தெரிந்த செலவு. தெரியாத செலவுகள் இரண்டு. ஒன்று, வெயில் உறிஞ்சுவது. நம் பக்கத்துக் கோடையில் ஒரு நாளைக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் எனக் கொள்ளலாம். மற்றொன்று, மண்ணுள் இறங்குவது. மதகு மூடியிருக்கும் ஒரு நாளில் நீர்மட்டம் 12 மில்லிமீட்டர் தாழ்ந்தால், 6 ஆவியாயிற்று, 6 மண்ணுக்குள் போயிற்று என்று எழுதலாம். பின்னது நட்டமன்று. அது ஏரிக் கணக்கில் பற்றாகிக் கிணற்றுக் கணக்கில் வரவாகிறது.

கிணற்றுக் கணக்கில் வரவுக்கு மேல் பற்று எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர் நம் அருகிலேயே உள்ள சான்று. கொசஸ்தலை, ஆரணியாற்று வடிநிலத்தில் மணல் நிறைந்த நிலத்தடி நீர்வளம் உண்டு. 1960-களில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு அதை ஆராய்ந்து, நகருக்கும் ஆலைகளுக்கும் நீர் இறைக்கத் தொடங்கினர்; வயல்களுக்கும் இறைத்தனர். நன்னீரின் மட்டம் தாழவே, அதன் இடத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகர்ந்தது. 1980-களின் இறுதியில் அது கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வந்திருந்தது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர்ச் சட்டம் பிறந்தது. உப்பேறிய நிலத்தடியை மீட்க மழைநீரைத் திரும்ப உள்ளே செலுத்துவது ஒரு வழி. அதற்காகவே ஆற்றில் தடுப்பணைகள் கட்டப்பட்டன. இறைத்த காலத்தைவிட மீட்கும் காலம் நீண்டது. 

இதுவரை சொன்னது உழவருக்கு. நெசவாளருக்கு இதில் என்ன? குழித்தறி வைத்திருப்போர் அறிவர். வடிகால் அடைபட்டு நிலத்தடி நீர் மேலேறினால் முதலில் நனைவது தறிக்குழி. குழி நனைந்த நாள் கூலி இல்லாத நாள். ஆனால் நெசவாளர் நீரைப் பெறுபவர் மட்டுமல்லர். நீரைக் கீழே அனுப்புபவருமாவர். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை ஆகிய நெசவூர்கள் கொசஸ்தலையின் மேற்பகுதியில் உள்ளன. அந்த ஆற்று நீரைத்தான் 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் தேக்குகிறது. அங்கிருந்து கால்வாய்கள் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் நீர் வருகிறது.

சாயத்தில் கண்ணுக்குத் தெரிவது நிறம். கெடுதி செய்வது பெரும்பாலும் உப்பு. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்கு உப்பிடுகிறோம். சாயம் நூலில் தங்குகிறது, உப்பு தங்குவதில்லை. ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் நீர், லிட்டருக்கு 40 கிராம் உப்பு எனக் கொண்டால், 100 கிலோ நூலுக்கு 80 கிலோ உப்பு கழிவில் போகிறது. சுண்ணாம்பிட்டு நிறத்தைத் தெளிவிக்கலாம். கரைந்த உப்பு அதனால் பிரியாது. வயலில் அது படியப் படியக் களிமண் இறுகி, நீர் இறங்காத தரையாகிறது. நொய்யல் ஆற்றில் நேர்ந்தது இதுவே. திருப்பூருக்குக் கீழே பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அதில் சாயக் கழிவு தேங்கியது. அணையில் நீரைத் தேக்க வேண்டாமென்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் வழக்காடியது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உழவரும் இழந்தார், தொழிலாளரும் இழந்தார். 

நெசவாளர் சங்கங்களுக்கு என் யோசனை எளிது. ஆற்றில் எவ்வளவு உப்பு விடுகிறோம் என்றறியச் சோதனைச்சாலை வேண்டா. கொள்முதல் பேரேட்டில் உப்பு மூட்டைகளைக் கூட்டினால் போதும். 20 லிட்டரை 10 லிட்டராக்கினால் உப்பும் பாதியாகும். கைத்தொட்டியில் நீர் குறைந்தால் நிறம் திட்டுத்திட்டாய் விழும் என்ற தடை உண்மையே. எனவே பொதுச் சாயச்சாலைக்கு ஏற்ற கருவி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆற்றையே கூட்டுறவாக நடத்த முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஜெர்மனியில் ஒரு முன்மாதிரி உண்டு. எம்ஷர் என்னும் சிற்றாறு நிலக்கரிச் சுரங்கங்களாலும் நகரங்களாலும் சாக்கடையானபோது, 1899-இல் அவ்வடிநிலத்து நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. அதன் பெயரிலேயே கூட்டுறவு என்ற சொல் இருக்கிறது. சேருவது கட்டாயம், கெடுப்பவர் கெடுப்பதற்கேற்பச் செலுத்த வேண்டும். நமது ஒருவர்க்கு ஒரு வாக்கு என்ற விதி அங்கில்லை. செலுத்தும் தொகைக்கேற்ப வாக்கு. அது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் 2021-இன் இறுதியில் அந்த ஆற்றில் கழிவுநீர் விழுவது நின்றது. நம்மிடமும் உழவர் பங்குபெறும் பாசன அமைப்பு நிர்வாகச் சட்டம், 2000 இருக்கிறது. அதில் ஆயக்கட்டுதாரருக்கு இடமுண்டு. மேலே சாயமிடுபவரோடு அமர்ந்து பேசும் மேடையை நமது சங்கங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்குவதற்கு வேண்டியவை ஒரு மழைமானி, மதகருகே ஓர் அளவுகோல், ஒரு பேரேடு. நாள், மழை, நீர்மட்டம், மதகு திறந்த மணி, அருகிலுள்ள ஒரு கிணற்றின் ஆழம் ஆகிய ஐந்து பத்திகள் போதும். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒருவரே எழுத வேண்டும். மேலேரியிலும் கீழேரியிலும் அதேபோல் எழுதி, மாதம் ஒருமுறை மூன்று பேரேடுகளையும் ஒப்பிட வேண்டும். மேலேரி வழிந்த நாளில் நம் ஏரியில் மட்டம் ஏறவில்லையெனில், இடையிலுள்ள கால்வாயை அன்றே நடந்து பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவம் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்குமாதலின் கோல் நடும் வேலை புரட்டாசிக்குள் முடிதல் நலம். ஏரி வற்றியிருக்கும்போதே மதகின் அடிப்படியைச் சுழியாகக் கொண்டு கோடுகளை இட்டுவிட்டால், பின்னர் நீரில் இறங்கி அளக்கும் தொல்லை இராது.