மனநலமும் கைப்பேசியும்

சூரமங்கலத்தில், சேலம் சந்திப்பு நிலையத்தருகே வாழும் எனக்கு இரயிலோசை பழகியதே. எனினும் சென்ற பருவத் தேர்வுக்கு முன் உறக்கம் கெட்டது. கைப்பேசிச் செயலி ஒன்றில் உறங்கிய நேரத்தையும், அன்றன்று நடந்தவற்றையும் குறித்து வந்தேன். மூன்றாம் வாரம் புரட்டிப் பார்த்தால், துயிலற்ற இரவுகள் யாவும் தமக்கையின் திருமணக் கடன் பற்றி வீட்டில் பேச்செழுந்த நாட்களே! தேர்வையன்றோ நான் பழித்திருந்தேன்!

ஆனால் செயலி நாட்குறிப்பேடு போன்றது, மருத்துவர் அன்று. என் கடன் கவலைக்கு அது, மூச்சை இழுத்துவிடச் சொன்னது.

2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். 2024இல் அதற்கும் செயலி வந்தது. நான் எண்ணையே அழைத்தேன். முதலில் எனக்குப் பேச்சே எழவில்லை. மறுமுனையில் இருந்தவர் காத்திருந்தார்.