போவன்பள்ளியின் வாக்கு வரலாறு

(உரைநடை)

நுழையும்முன்

தெருவிளக்கு எரியாவிடில் யாரிடம் முறையிடுவது? குப்பை அள்ளப்படாவிடில் யாரைக் கேட்பது? இவ்வினாக்களுக்கு முதலில் விடை கூற வேண்டியவர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். நம் வட்டத்தின் உறுப்பினரே ஆவார். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவ்வாறு பயன்படுகிறது, எவ்வாறு தடைப்படுகிறது என்பதைப் போவன்பள்ளியின் வரலாற்றின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

ஒரே பெயர், இரண்டு ஆட்சிகள்

சிக்கந்தராபாத்தின் வடமேற்கே அமைந்த பகுதி போவன்பள்ளி. பெரிய காய்கறிச் சந்தையால் நகரமெங்கும் அறியப்பட்டது. வெளியிலிருந்து வருவோர்க்கு இஃது ஒரே ஊராகவே தோன்றும். ஆயினும், உள்ளாட்சி வரைபடத்தில் இதன் நடுவே ஓர் எல்லைக்கோடு செல்கிறது. பழைய போவன்பள்ளி, 2020ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பெருநகர ஐதராபாத் மாநகராட்சியின் ஒரு வட்டமாக இருந்தது. போவன்பள்ளியின் மற்றொரு பகுதியோ சிக்கந்தராபாத் கண்டோன்மென்ட் வாரியத்திற்கு உட்பட்டது.

மாநகராட்சி, மாநிலச் சட்டத்தின்படி இயங்குவது. கண்டோன்மென்ட் என்பது 1806ஆம் ஆண்டில் படைவீரர் தங்குமிடமாக உருவான பகுதி. அது 2006ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டப்படி, நடுவண் அரசின் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. படை அதிகாரி ஒருவரே வாரியத்தின் தலைவர். எட்டு வட்டங்களிலிருந்து மக்கள் தேர்ந்தெடுக்கும் எட்டு உறுப்பினர்களும் அதில் இடம்பெற வேண்டும். குடிநீர், சாலை, தெருவிளக்கு, துப்புரவு ஆகிய பணிகள் இரு பக்கத்தார்க்கும் ஒன்றே. அவற்றைக் கேட்டுப் பெறும் வழிதான் வேறு.

மாநகராட்சியின் மூன்று தேர்தல்கள்

2007ஆம் ஆண்டு ஏப்ரலில், பழைய ஐதராபாத் மாநகராட்சியுடன் சுற்றியிருந்த 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் இணைக்கப்பட்டன. அவ்வாறு பிறந்ததே பெருநகர ஐதராபாத் மாநகராட்சி. அது 150 வட்டங்களாகப் பகுக்கப்பட்டது. எனினும், முதல் தேர்தல் 2009 நவம்பரில்தான் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுக் காலம் அலுவலர்களே ஆட்சி நடத்தினர்.

முதல் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. காங்கிரசு 52, தெலுங்கு தேசம் 45, மஜ்லிஸ் 43 இடங்களில் வென்றன. இம்மன்றத்தின் பதவிக்காலம் 2014 டிசம்பரில் முடிந்தது. அதற்குள் தெலங்கானா தனி மாநிலமாகியிருந்தது. அடுத்த தேர்தலோ 2016 பிப்ரவரி 2ஆம் நாள்தான் நடைபெற்றது. மீண்டும் ஓராண்டுக்கு மேல் வட்டங்களுக்கு உறுப்பினர் இல்லை. இத்தேர்தலில் தெலங்கானா ராஷ்டிர சமிதி 99 இடங்களைப் பெற்றது. முதல் தேர்தலில் முன்னணியில் நின்ற காங்கிரசுக்கு 2 இடங்களும் தெலுங்கு தேசத்திற்கு 1 இடமுமே கிடைத்தன. 150 வட்டங்களில் 75 வட்டங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன.

மூன்றாம் தேர்தல் 2020 டிசம்பர் 1ஆம் நாள், கொரோனா தொற்றுக் காலத்தில் நடைபெற்றது. மின்னணு எந்திரத்திற்குப் பதிலாக வாக்குச்சீட்டு பயன்படுத்தப்பட்டது. தெலங்கானா ராஷ்டிர சமிதி 56, பாரதிய சனதா 48, மஜ்லிஸ் 44 இடங்களில் வென்றன.

இம்மூன்று தேர்தல்களிலும் வென்ற கட்சிகள் மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் வாக்காளர்களுள் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். ஒரு வட்டத்தில் வெற்றி சில நூறு வாக்குகளிலேயே முடிவாகிவிடக்கூடும். அத்தகைய தேர்தலில் வீட்டிலேயே இருந்துவிட்ட பாதிப்பேர், முடிவு செய்யும் பொறுப்பைப் பிறரிடம் விட்டவர் ஆகின்றனர்.

எல்லைக்கோட்டின் அப்பால்

கண்டோன்மென்ட் பகுதியினரின் நிலை இதனினும் வேறுபட்டது. மாநகராட்சிப் பகுதியில் பலர் வாக்களிக்க வரவில்லை; இங்கோ வாக்களிக்க விரும்பியவர்க்கும் வாய்ப்பு வரவில்லை.

வாரியத் தேர்தல் 2015 சனவரியில் நடைபெற்றது. அவ்வாரியத்தின் ஐந்தாண்டுக் காலம் 2020 பிப்ரவரியில் முடிந்தது. ஆறு மாதங்கள் வீதம் இருமுறை நீட்டிக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் அதுவும் நிறைவுற்றது. பின்னர்த் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் இடத்தில், பொதுமக்கள் சார்பாக நியமன உறுப்பினர் ஒருவரே அமர்த்தப்பட்டார். 2023 பிப்ரவரியில் நாடெங்கும் 57 கண்டோன்மென்ட்டுகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 30 வாக்குப்பதிவு நாளாகக் குறிக்கப்பட்டது. வேட்பாளர்கள் ஆயத்தமாயினர். மார்ச்சு மாதத்தில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

குடியிருப்புப் பகுதிகளைக் கண்டோன்மென்ட்டிலிருந்து பிரித்து, அருகிலுள்ள மாநகராட்சி அல்லது நகராட்சியுடன் இணைப்பது நடுவண் அரசின் திட்டம். அவ்வாறு இணைந்தால் மாநகராட்சித் தேர்தலில் இப்பகுதியினரும் வாக்களிக்கலாம். இணைப்பு முடியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. 2023இல் சட்டமன்றத்திற்கும் 2024இல் நாடாளுமன்றத்திற்கும் வாக்களித்த இம்மக்கள், தம் தெருவுக்குரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன.

உத்திரமேரூர் காட்டும் அளவுகோல்

தேர்தல் காலந்தவறாமல் நடைபெற வேண்டும் என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. அவை குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர், 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டத்தைப் போன்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். உறுப்பினரின் பதவிக்காலம் ஓராண்டே. அண்மையில் வாரியத்தில் இருந்தவர் உடனே மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழப்பர்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆண்களே இதில் இடம்பெற முடிந்தது. பெண்களுக்கும் நிலமற்றோர்க்கும் இடமில்லை. இன்று பதினெட்டு வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு. எனவே உரிமையின் பரப்பில் இன்றைய முறையே மேலானது. ஆயினும் காலவரையறையிலும் கணக்குக் காட்டுவதிலும் அக்கல்வெட்டு காட்டிய உறுதி இன்றும் கற்கத்தக்கது.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74ஆவது திருத்தம், நகராட்சிகளின் பதவிக்காலம் முடியுமுன்னரே அடுத்த தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு வட்டத்தின் வரலாற்றைப் படிக்கும்போது யார் வென்றார் என்பதை மட்டும் பார்த்தல் போதாது. எத்தனை பேர் வாக்களித்தனர், எந்த ஆண்டுகளில் தேர்தல் நடைபெறவில்லை என்பவற்றையும் பார்க்க வேண்டும். நடவாத தேர்தலுக்குக் காரணம் கேட்பதும் குடிமக்களின் கடமையே.

சொற்பொருள்

வட்டம் – வார்டு
குடும்பு – ஊரின் உட்பிரிவு
நடுவண் அரசு – மத்திய அரசு
ஆயத்தம் – முன்னேற்பாடு

இலக்கணக்குறிப்பு

நடவாத தேர்தல் – எதிர்மறைப் பெயரெச்சம்
நிலமும் மனையும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

வென்றனர் = வெல்(ன்) + ற் + அன் + அர்
வெல் – பகுதி. ல் ‘ன்’ ஆனது விகாரம். ற் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. உள்ளாட்சி
2. வாக்குரிமை

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பெருநகர ஐதராபாத் மாநகராட்சி ______ ஆம் ஆண்டு உருவானது.
2. உத்திரமேரூர் ______ குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. போவன்பள்ளியை ஆளும் இரண்டு உள்ளாட்சி அமைப்புகள் யாவை?
2. 2023இல் கண்டோன்மென்ட் தேர்தலுக்கு நேர்ந்தது என்ன?

ஈ. விரிவான விடை எழுதுக.
குடவோலை முறையையும் இன்றைய மாநகராட்சித் தேர்தலையும் ஒப்பிட்டு, இரண்டின் நிறைகுறைகளைத் தொகுத்து எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் வீடு எந்த வட்டத்தில் உள்ளது, அங்குக் கடைசியாகத் தேர்தல் நடைபெற்ற ஆண்டு எது என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிக. உங்கள் தெருவின் குறை ஒன்றைக் குறிப்பிட்டு, உரிய அலுவலர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.