சோபா நூடுல்ஸ் சோற்றுக்கு மாற்றாகுமா?

கேள்வி: அல்வாலில் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சுத்த சைவம். ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் பக்வீட்டில் செய்த சோபா நூடுல்ஸ் பாக்கெட்டுகள் கொண்டுவருகிறாள். "வெந்த நூடுல்ஸ் 100 கிராமில் 99 கலோரிதான், ராத்திரி அப்பாவுக்குச் சோற்றை நிறுத்திவிட்டு இதைக் கொடு" என்கிறாள். அவருக்கு 61 வயது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் கொடுக்கலாமா? பாக்கெட் தீர்ந்துபோனால் இங்கே அதற்குப் பதிலாக என்ன வாங்குவது?
– வாசகி, அல்வால், ஹைதராபாத்

பதில்: மகள் சொன்ன கணக்கு சரிதான், சகோதரி. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி வெந்த சோபா 100 கிராமில் 99 கலோரி, 21 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் புரதம் உள்ளன. கொழுப்பு அநேகமாக இல்லை. மீதி முக்கால் பங்கு தண்ணீர். ஆனால் யாரும் 100 கிராமோடு எழுந்துவிடுவதில்லை. காகிதப் பட்டை சுற்றி வரும் ஒரு கட்டு பெரும்பாலும் 90 அல்லது 100 கிராம் இருக்கும். வெந்ததும் இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். உங்கள் கணவர் முழுக் கட்டையும் சாப்பிட்டால் 300 கலோரிக்கு மேல், 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உள்ளே போய்விடும். உலர்ந்த நிலையில் 100 கிராம் சோபா 336 கலோரி, 100 கிராம் பச்சரிசி 356 கலோரி. கலோரியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் புரதத்தில் இருக்கிறது. அரிசியில் 8 கிராம், உலர்ந்த சோபாவில் 14 கிராம். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பக்வீட்டில் நன்றாகவே இருக்கிறது. பருப்பைக் குறைத்து, குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டுப் பழகிய வீடுகளுக்கு இது நல்ல சேதி. ரூட்டின் என்ற தாவரச் சத்தும் உண்டு. அதை ரத்தக்கொதிப்புக்கு மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். மாத்திரையை அவர் விடவே கூடாது.

இவ்வளவும் பாக்கெட்டில் பக்வீட் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்வீட்டுக்கும் கோதுமைக்கும் உறவே கிடையாது. பசைத்தன்மை இல்லாததால் அந்த மாவைத் தனியாக இழை இழுப்பது சிரமம், அதனால் கோதுமை மாவு கலக்கிறார்கள். 'நிஹாச்சி' என்றால் எட்டுப் பங்கு பக்வீட், இரண்டு பங்கு கோதுமை. 'ஜூவாரி' முழுக்க பக்வீட். மலிவான உலர் நூடுல்ஸில் கோதுமையே அதிகம். சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பதுதான் எடையிலும் அதிகம் என்பதால், முதல் பெயர் சோபா மாவா, கோதுமை மாவா என்று மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கோதுமை முதலில் வந்தால் நீங்கள் வாங்கியது அநேகமாக மைதா நூடுல்ஸ்தான், கொஞ்சம் சாம்பல் நிறத்தில்.

உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில் தீட்டிய வெள்ளை அரிசியையே தின்றவர்களுக்குக் கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்றுபோகும் பெரிபெரி நோய் வந்தது. 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர். தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாததுதான் காரணம். அந்தச் சத்து உள்ள சோபா அங்கே அவ்வளவு பரவியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதே பெரிபெரியை ஆராய 1918-ல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவேதான். மேலே சொன்ன அரிசிக் கணக்கு அவர்கள் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையிலிருந்து எடுத்தது.

பி1 தண்ணீரில் கரையும். வேகும்போது கணிசமான பங்கு கொதிநீரில் இறங்கிவிடும். அதனால்தான் ஜப்பானியக் கடைகளில் அந்தத் தண்ணீரைக் கடைசியில் குடிக்கக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். ஆலையில் செய்த உலர் சோபாவில் மாவோடு உப்பும் சேர்ந்திருக்கும். அமெரிக்க அட்டவணையில் 100 கிராம் உலர் நூடுல்ஸுக்கு 792 மில்லிகிராம் சோடியம், வெந்த பின் 60 மட்டும். உப்பில் பெரும்பகுதி தண்ணீரில்தான் நிற்கிறது. பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கட்டும், உப்பு போட வேண்டாம். பாக்கெட்டில் சொன்ன நேரம் வெந்ததும் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அரிசி களைவதுபோல் கையால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். கழுநீர் போலக் கலங்கிய தண்ணீர் தெளியும், இழைகளின் வழவழப்பும் போய்விடும்.

கூடவே வரும் சாஸ் பொட்டலத்தைத் தொட வேண்டாம். அந்த 'சுயு' சாஸில் பெரும்பாலும் உலர்ந்த மீனின் சாறு இருக்கும். சைவக் குடும்பத்தினர் பலரும் தெரியாமலே ஊற்றிக்கொள்கிறார்கள். உப்பும் அதிகம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம். நாள் முழுதுக்கும் 2000-க்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் சோயா, எலுமிச்சைச் சாறு, துருவிய இஞ்சி, வறுத்த எள் போதும். அரைக் கட்டு நூடுல்ஸ், அதே அளவுக்கு வெள்ளரியும் வதக்கிய கீரையும், ஒரு கிண்ணம் வேகவைத்த பாசிப்பயறு அல்லது பனீர். அவருக்கு இப்படித்தான் தட்டு இருக்க வேண்டும்.

முதல் தடவை இரண்டு மூன்று வாய் மட்டும் கொடுங்கள். பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். ஜப்பானில் அதைப் பாக்கெட்டில் கட்டாயம் அச்சிட வேண்டும். உதடு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாக்கெட் தீர்ந்தால் இங்கே குட்டு மாவு வாங்கலாம், இமயமலைப் பக்கம் விளையும் பக்வீட்தான் அது. பொலாரம், கண்டோன்மென்ட் என்று ராணுவக் குடும்பங்கள் சூழ்ந்த பகுதி உங்களுடையது. நவராத்திரி விரதத்துக்காக மளிகைக் கடைகளில் அது வரும். உளுந்து மாவோடு கலந்து அடையாக வார்க்கலாம். தேதி பார்த்துப் புதிதாக வாங்குங்கள். 2011-ல் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் கெட்டுப்போன குட்டு மாவால் நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

ஆனால் தினசரிக்கு என்று கேட்டால் என் கை காட்டுவது ஜொன்ன ரொட்டியைத்தான். மாலையில் தெருவோரம் கையால் தட்டிச் சுட்டு அடுக்குகிறார்களே, அந்தச் சோள ரொட்டி. 100 கிராம் சோளத்தில் 10 கிராம் புரதம், 10 கிராம் நார்ச்சத்து. நார் விஷயத்தில் கோதுமை கலந்த சோபா இதன் பக்கத்தில் வர முடியாது. இரண்டு ரொட்டி, கீரைப் பருப்பு என்று வைத்துக்கொண்டு, மகள் வந்திருக்கும் நாட்களில் சோபா செய்யுங்கள். எதை மாற்றினாலும் முதல் சில நாள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள். மாவுச்சத்து சட்டென்று குறைந்தால், சில மாத்திரைகளால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். அந்தக் கணக்கை எழுதிவைத்து டாக்டரிடம் காட்டினால் மாத்திரை அளவை அவர் முடிவு செய்வார்.