கை நுழைய ஒரு துளை

2016 பிப்ரவரியில் மும்பையின் பாந்திரா–குர்லா வளாகத் திடலில் 'மேக் இன் இந்தியா' வாரக் கண்காட்சி நடைபெற்றது. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் அந்த வளாகம். அங்கு வைக்கப்பட்டவற்றுள் ஆறு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றும் இருந்தது. அதனைக் கட்டியவர் அமோல் யாதவ் என்னும் விமானி. கட்டிய இடம் தொழிற்சாலை அன்று. காந்திவலி சார்க்கோப் பகுதியில் அவருடைய குடும்பம் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி. கருவிகளும் உறுப்புகளும் குறுகிய படிக்கட்டு வழியே மேலே ஏறின. கட்டிய விமானமோ அவ்வழியே இறங்காது. ஆகவே அதனைப் பகுதிகளாகப் பிரித்துப் பாரந்தூக்கியால் இறக்கினர். 2017 நவம்பரில் அது முறைப்படி பதிவு பெற்றது. 2019 அக்டோபரில் பறப்பதற்கான அனுமதியும் கிடைத்தது.

செய்தித்தாள்கள் மொட்டைமாடியைப் பற்றியே மிகுதியாக எழுதின. அது இயல்பே. ஆயினும், தம் கையால் விமானம் கட்டுவோர் எவருக்கும் கட்டி முடித்த பின்னரும் தொடரும் கவலை ஒன்று உண்டு. விமானத்தின் உள்ளுறுப்புகளைக் குறித்த காலத்தில் சோதித்தாக வேண்டும். நான்கு புறமும் மூடி, ஆணி அறைந்துவிட்ட ஓர் இறக்கையின் உள்ளே எவ்வாறு பார்ப்பது? எங்கே திறப்பது?

மூடிய பெட்டியின் வலிமை

தாராவியில் பழைய எண்ணெய்த் தகரங்களைக் கழுவி, நெளிவெடுத்து, மீண்டும் விற்பனைக்கு அனுப்பும் பட்டறைகள் உள்ளன. அங்கு வேலை செய்வோர் நன்கறிந்த உண்மை ஒன்று: மூடிய தகரத்தின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் அது அசையாது. மேல்தட்டை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டால் அதே தகரம் எளிதில் கோணிக்கொள்ளும். வெட்டிய விளிம்பை மடித்துத் தட்டினால், இழந்த உறுதியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

உலோகத்தாலான சிறு விமானத்தின் இறக்கையும் இத்தகைய மூடிய பெட்டியே. இறக்கையின் நீளவாக்கில் நெடுஞ்சட்டம் ஓடுகிறது. அதற்குக் குறுக்கே விலாச்சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றின்மேல் அலுமினியக் கலவைத் தகடு ரிவெட் ஆணிகளால் பிணைக்கப்படுகிறது. அத்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையது. காற்றைத் தடுக்கும் போர்வை மட்டுமே அது என்று எண்ணுவது பிழை. இறக்கை முறுக்கப்படும்போது அவ்விசையைத் தாங்குவதில் பெரும்பங்கு அத்தகட்டுக்கே உரியது. எனவே தகட்டை வெட்டுதல் என்பது வீட்டுச் சுவரில் சன்னல் வைப்பது போன்றதன்று. தூணில் சன்னல் வைப்பது போன்றதாகும்.

இதனை வகுப்பிலேயே கண்டறியலாம். கெட்டியான வரைபடத் தாளைக் குழாயாகச் சுருட்டி, இணைப்பை முழு நீளத்திற்கும் ஒட்டுக. இரு முனைகளையும் பிடித்து முறுக்குக. பின்னர் அக்குழாயை நீளவாக்கில் ஒரே கோடாகக் கத்தரித்து மீண்டும் முறுக்குக. தாள் சிறிதும் குறையவில்லை. ஆனால் வலிமை ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

சிறுத்த திறப்பும் கூர்த்த மூலையும்

அவ்வாறாயின் வெட்டாமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் இயலாது. இறக்கையின் உள்ளே கம்பிவடங்கள் ஓடுகின்றன. அவை கப்பிகளில் தேய்கின்றன. மரைகள் கழலாமலிருக்கச் செருகிய ஊசிகள் உள்ளன. எரிபொருள் குழாயின் இணைப்புகள் உள்ளன. மும்பையைப் போன்ற கடலோர நகரில் உப்புக்காற்றும், சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையும் தகட்டின் உட்புறத்தை மெல்ல அரிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அரிப்பு, கண்ணுக்குத் தெரியும் அரிப்பைவிடக் கொடியது.

2000ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அலாஸ்கா ஏர்லைன்சின் 261ஆம் எண் விமானம் கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் வீழ்ந்தது. அதிலிருந்த 88 பேரும் உயிரிழந்தனர். வாற்பகுதியில் இருந்த திருகுத்தண்டுக்குப் போதிய மசகு இடப்படாமையால் அதன் மரையின் புரிகள் தேய்ந்து போயிருந்தன. புலனாய்வு பராமரிப்புக் குறைகள் பலவற்றைச் சுட்டியது. அவற்றோடு எளிய செய்தி ஒன்றும் வெளிப்பட்டது: மசகிடுபவர் கை நுழைக்கும் திறப்பு மிகச் சிறியது. அது பெரிதாயிருந்தால் அவ்வேலையைச் செவ்வனே செய்வது எளிதாகும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது.

இதற்கு நேர்மாறான பாடத்தைக் காமெட் விமானங்கள் முன்னரே கற்பித்திருந்தன. 1954 சனவரி 10 அன்று அவற்றுள் ஒன்று இத்தாலியின் எல்பாத் தீவருகே நடுவானில் சிதறியது. 35 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று நேப்பிள்சு அருகே மற்றொன்று வீழ்ந்தது. இங்கிலாந்தின் பார்ன்பரோவில் முழு விமான உடலையும் நீர்த்தொட்டியில் வைத்து, உள்ளழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிச் சோதித்தனர். திறப்புகளின் மூலையருகே உலோகச் சோர்வால் விரிசல் பிறந்தது கண்டறியப்பட்டது. பயணிகளின் சன்னலே காரணம் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். எல்பாவில் கிடைத்த சிதைவில் விரிசல் தொடங்கிய இடம், கூரையில் வானலைக் கருவிக்காக வெட்டிய திறப்பின் மூலையாகும். வீட்டில் கட்டும் சிறு விமானத்தில் அத்தகைய உள்ளழுத்தம் இல்லை. எனினும் மூலையின் குணம் மாறுவதில்லை.

துளையை அமைக்கும் முறை

இழுக்கப்படும் அகன்ற தகட்டில் வட்டத்துளை ஒன்று இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும். இதனைச் செருமானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இல் கணித்துக் காட்டினார். 1913இல் இங்லிஸ் என்னும் ஆங்கிலேயர் நீள்வட்டத் துளைகளுக்குக் கணக்கிட்டார். அகலத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள துளை, இழுவிசைக்குக் குறுக்காகக் கிடந்தால் விளிம்பில் தகைவு ஐந்து மடங்கு. இழுவிசையின் திசையிலேயே கிடந்தால் இரண்டு மடங்கு மட்டுமே. ஒரே துளை; கிடக்கும் திசையால் மட்டும் இத்துணை வேறுபாடு! ஆகவே பார்வைத்துளை வட்டமாக இருத்தல் நன்று. நீண்டதாக வேண்டுமெனில், அதன் நீளம் இறக்கையின் நீளத்தோடு செல்ல வேண்டும். நாற்புறத் திறப்பே தேவைப்படின் மூலைகளைத் தாராளமாக வளைத்தல் வேண்டும்.

இடத்தைத் தேர்வதும் எளிதன்று. நெடுஞ்சட்டத்தையோ விலாச்சட்டத்தையோ வெட்டுதல் ஆகாது. இரண்டு விலாச்சட்டங்களுக்கு நடுவே, நெடுஞ்சட்டத்திலிருந்து விலகி, துளை அமைய வேண்டும். பெரும்பாலும் இறக்கையின் அடிப்புறத்தையே கட்டுநர் தேர்வர். மழைநீர் உள்ளே இறங்காது. பணியாளர் இறக்கையின்மேல் ஏறவும் வேண்டா. ஆனால் பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால், மேல்தகடு அமுக்கப்படுகிறது, அடித்தகடு இழுக்கப்படுகிறது. விரிசலை வளர்ப்பது இழுவிசையே. வசதியான இடமே விரிசலுக்கும் வசதியான இடமாவதால், அடிப்புறத் துளையில் கூடுதல் கவனம் தேவை.

வெட்டிய தகட்டுக்கு ஈடு செய்தாக வேண்டும். துளையைச் சுற்றி உட்புறத்தில் வலுவூட்டு வளையம் ஒன்று ரிவெட் ஆணிகளால் பொருத்தப்படுகிறது. பொதுவாக அது மேல்தகட்டின் கனத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆணியின் நடுப்புள்ளி, தகட்டின் விளிம்பிலிருந்து ஆணி விட்டத்தைப் போல இரு மடங்கேனும் உள்ளே இருக்க வேண்டும். இல்லையேல் விளிம்பு கிழியும். வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்து, பிசிறு சிறிதுமின்றி வழவழப்பாக்குதல் இன்றியமையாதது. ஒரு சிறு கீறலே விரிசலுக்கு வித்தாகும். நுழையும் கைக்கும் அப்பிசிறு பகையே.

மூடியிலும் இரு வகை உண்டு. சில திருகாணிகளால் மூடப்படும் சிறு மூடி வெறும் கதவு. அது சுமை தாங்காது. அங்கே வளையமே முழுச் சுமையையும் ஏற்கிறது. நெருக்கமாகத் திருகாணிகள் பூட்டிய பெரிய மூடி, தகட்டின் பங்கைத் தானும் ஏற்கும். அத்தகைய மூடியின் ஒரு திருகாணியை மறந்து பறப்பதும் பிழை. திருகாணிக்கான மரைகளை வளையத்தின் பின்னே முன்னரே பதித்துவிடுவர். மூடிய பின் உள்ளே கைவிட்டு மரையைப் பிடிக்க முடியாதல்லவா?

மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய விமானங்களில் இத்துன்பம் குறைவு. அங்குத் துணி முறுக்கைத் தாங்குவதில்லை, சட்டமே தாங்குகிறது. துணியின்மேல் நெகிழி வளையங்களை முன்னரே ஒட்டி வைத்து, உள்ளே பார்க்க வேண்டிய நாளில் மட்டும் வளையத்தின் நடுவே துணியை வெட்டுவர். பழைய உத்தி, ஆயினும் அழகிய உத்தி.

எடையும் ஏடும்

ஒவ்வொரு வளையமும் மூடியும் எடையைக் கூட்டுகின்றன. இறக்கையில் அதன் விளைவு சிறிது. வாலில் அவ்வாறன்று. ஈர்ப்பு மையத்திற்கு 3 மீட்டர் பின்னே 400 கிராம் கூடினால், திருப்புத்திறன் 0.4 × 3 = 1.2 கிலோகிராம்-மீட்டர். அதனைச் சமன் செய்ய 1 மீட்டர் முன்னே 1.2 கிலோகிராம் வைக்க வேண்டும். கையகலத் திறப்பு ஒன்றிற்காக மொத்தம் 1.6 கிலோகிராம் ஏறிவிடுகிறது! ஆதலால் மாற்றம் செய்த விமானத்தை மீண்டும் நிறுத்து, ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவர். எங்கே வெட்டப்பட்டது, வளையத்தின் கனம் எவ்வளவு, எத்தனை ஆணிகள், யார் சோதித்தார் என்பன விமானத்தின் பதிவேட்டில் வரைபடத்துடன் எழுதப்படும். பத்தாண்டுகளுக்குப் பின் அம்மூடியைத் திறப்பவர், கட்டியவரை அறியாத வேறொருவராக இருக்கலாம். அவருக்குக் கிடைப்பது அந்த ஏடு மட்டுமே.

சொற்பொருள்

தகைவு – ஒரு பொருளின் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை
உலோகச் சோர்வு – மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமையால் உலோகம் வலிமை இழத்தல்
மசகு – தேய்வைக் குறைக்க இடும் எண்ணெய்ப்பசை
செவ்வனே – சரியாக, முறையாக
பிசிறு – வெட்டிய ஓரத்தில் நிற்கும் கூர்மையான துணுக்கு

பயிற்சி

1. 'தூணில் சன்னல் வைப்பது போன்றது' என்னும் உவமை எதனைக் குறிக்கிறது? விளக்குக.
2. காமெட் விமானமும் அலாஸ்கா விமானமும் திறப்பைப் பற்றிக் கற்பிக்கும் பாடங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. அடித்தகட்டில் துளையிடுவதால் வரும் நன்மை ஒன்றும் இடர் ஒன்றும் எழுதுக.
4. ஈர்ப்பு மையத்திற்கு 2 மீட்டர் பின்னே 300 கிராம் கூடினால், 1 மீட்டர் முன்னே எவ்வளவு எடை வைக்க வேண்டும்?
5. பிரித்து எழுதுக: கையகலம், நெடுஞ்சட்டம், பார்வைத்துளை.
6. தாள் குழாய் ஒன்று செய்து, அதன் நடுவே வட்டத்துளை இட்டு முறுக்கிப் பார்க்க. பின்னர் துளையைச் சுற்றி அட்டை வளையம் ஒட்டி மீண்டும் முறுக்குக. கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.