பேட்டையும் மகமையும்

ஓர் ஊரில் குடியேறி நிலைத்தல் ஒருவகைத் திறம். ஊர்விட்டு ஊர் சென்று மீளுதல் மற்றொருவகைத் திறம். முன்னதற்கு வேரூன்றி நிற்கும் உறுதி வேண்டும். பின்னதற்குப் புறப்பட்டுச் செல்லும் துணிவு வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவைபோலத் தோன்றும். ஆயினும், இவற்றை ஒருங்கே பயின்று, பயணத்தின் பொருட்டே குடியேறி, குடியேறிய இடத்திலிருந்தே மீண்டும் பயணம் புறப்பட்ட மக்கள் நம் நாட்டில் வாழ்ந்தனர். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்கள் வணிக நகரங்களாக வளர்ந்த வரலாறு அவர்தம் வரலாறே ஆகும்.

வண்டியில் சரக்கேற்றி நெடுவழி செல்லும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர், எருது பூட்டிய வண்டிகளை ஓட்டிக்கொண்டு மேடும் பள்ளமும் நிறைந்த வழிகளில் சென்றனர். இடைவழியில் அச்சு முறிந்தால் உதவ ஆள் கிடைப்பது அரிது. ஆதலின், வண்டியின் அடியில் மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்பட்டனர். புறநானூறு அதனைச் 'சேம அச்சு' என்று குறிப்பிடுகிறது. சேமம் என்பது பாதுகாப்பு. முறிவு நேரும் முன்னரே அதற்கு மாற்றுத் தேடிவைத்த அறிவு அது. அவ்வறிவு பிற்காலத்தில் ஓர் ஊரையே தாங்கும் ஏற்பாடாக வளர்ந்த விதத்தை இனிக் காண்போம்.

திருச்செந்தூரைச் சூழ்ந்த பகுதியில் தேரி எனப்படும் செம்மணற்காடு பரந்து கிடக்கிறது. நெல்லுக்கு உதவாத அந்நிலத்தில் பனை செழித்து வளர்ந்தது. அப்பனையை நம்பி வாழ்ந்தோருள் பெரும்பாலோர் நாடார் குலத்தினர். ஆடவர் மரமேறிப் பதநீர் இறக்கினர். மகளிர் அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்கினர். பனை பயன்தரும் மாதங்கள் சிலவே. மற்ற மாதங்களில் பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. ஆகவே, அவர்களுள் சிலர் கருப்புக்கட்டி, கருவாடு, உப்பு ஆகியவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடதிசை நோக்கிச் சென்றனர். அத்திசையில் கரிசல் நிலம் இருந்தது. தேரியில் இல்லாத பருத்தியும் தானியமும் கரிசலில் விளைந்தன; கரிசலில் கிடைக்காத கருப்புக்கட்டியும் உப்பும் தேரியிலிருந்து வந்தன. ஒரு நிலத்தின் குறையை மற்றொரு நிலத்தின் நிறைவு தீர்ப்பதே வணிகம் அன்றோ?

1801ஆம் ஆண்டிற்கு முன்னர் அவ்வழிகளில் வணிகம் எளிதாக நடைபெறவில்லை. பாளையங்களுக்கிடையே பூசல்கள் மிகுந்திருந்தன. அவ்வாண்டில் பாளையக்காரர் போர் முடிவுற்றுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி உறுதிப்பட்ட பின்னர், வழிகள் ஓரளவு திறந்தன. வண்டிகளும் பெருகின. ஆயினும், அச்சம் முற்றும் அகலவில்லை. ஆளரவமற்ற கரிசற்காட்டில் வழிப்பறி செய்வோர் இருந்தனர். ஒற்றை வண்டி அவர்களுக்கு எளிய இரை. ஆகவே, வணிகர் பலர் ஒன்றுகூடி, வண்டிகளை நிரையாகச் செலுத்திக் காவலாட்களையும் உடன் அழைத்துச் சென்றனர்.

ஒரு மாட்டு வண்டியை நெடும்பயணத்திற்கு ஆயத்தம் செய்தல் சிறு வேலையன்று. சக்கரத்தின் குடமும் ஆரக்காலும் பிளவின்றி உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இரும்புப் பட்டை கழன்றிருப்பின் கொல்லனிடம் கொண்டுபோய் இறுக்குதல் வேண்டும். அச்சிற்கு மசகிடுதல், மாடுகளின் காலுக்கு லாடம் கட்டுதல், நுகத்தடியையும் பூட்டாங்கயிற்றையும் சோதித்தல் ஆகியவை அடுத்த பணிகள். கடையாணி விரலளவே உள்ள பொருள். எனினும், அது கழன்றால் சக்கரம் கழலும். சக்கரம் கழன்றால் வண்டி சாயும். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்னும் பழமொழி வண்டிக்காரனுக்கு அன்றாட அனுபவம். மாட்டுக்கு வைக்கோலும் பருத்திக்கொட்டையும், ஆளுக்குக் கட்டுச்சோறும், இரவுக்கு விளக்கும் எடுத்துவைத்த பின்னரே வண்டி புறப்படும்.

இவ்வளவு ஆயத்தம் செய்தும், ஒன்று மட்டும் அவர்கள் கையில் இல்லை. அதுவே இரவில் தங்குமிடம். மாடு இழுக்கும் வண்டி ஒரு நாளில் கடக்கும் தொலைவுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் மாடு தளரும். தளர்ந்த மாட்டை அவிழ்த்துக் கட்டவும், சரக்கை இறக்கி வைக்கவும், அச்சமின்றிக் கண்ணயரவும் ஓர் இடம் வேண்டும். இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே பேட்டை. உயர்ந்த மதில், வண்டி நுழையும் வாயில், மாடு கட்டத் திறந்த வெளி, சரக்கு வைக்க அறைகள், நீருக்கு ஒரு கிணறு ஆகியவை அமைந்த அடைப்பே அக்காலப் பேட்டை. வாயிற்கதவை அடைத்துவிட்டால் உள்ளிருப்போர் கவலையின்றி உறங்கலாம். வண்டிகள் ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவுக்கு ஒன்றாக இத்தகைய பேட்டைகள் எழுந்தன. சிவகாசியிலிருந்து விருதுநகர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து மதுரையும் ஏறத்தாழ அத்தொலைவே. நிலப்படத்தை விரித்து நோக்குவோர், ஒரு நாள் வண்டிப் பயணம் இவ்வூர்களுக்கிடையே அளவுகோலாக அமைந்திருப்பதைக் காணலாம்.

வழித்தங்கல் நாளடைவில் நிலைத்த குடியிருப்பு ஆயிற்று. பேட்டையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தங்கினார், அவர் குடும்பம் வந்தது, கடை ஒன்று எழுந்தது, கடைவீதி உருவாயிற்று. இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களில் வேரூன்றினர். விருதுபட்டியே 1923ஆம் ஆண்டில் விருதுநகர் என்னும் பெயர் பெற்றது.

குடியேறியோர் வாழ்வு இனிதாகவே தொடங்கிற்று என்று எண்ணுதல் தவறு. அவர்கள் எண்ணிக்கையில் சிலர், ஊருக்குப் புதியவர். நிலமும் அதிகாரமும் பிறர் கையில் இருந்தன. சாதி வேற்றுமை ஆழ வேரூன்றியிருந்த அக்காலத்தில், கோயில்கள் பலவற்றில் அவர்கள் நுழைவதற்கும் தடை இருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வாயில், அவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் 1939ஆம் ஆண்டிலேதான் திறந்தது. இந்நிலையில், தனித்தனியே நின்றால் ஒருவரும் நிலைக்க இயலாது என்பதை அவர்கள் நன்குணர்ந்தனர். அவ்வுணர்விலிருந்து இரண்டு ஏற்பாடுகள் தோன்றின. ஒன்று உறவின்முறை, மற்றொன்று மகமை.

உறவின்முறை என்பது ஊரிலுள்ள அக்குலத்துக் குடும்பங்கள் கூடி அமைத்த பொது அவை. அதன் பொறுப்பை முறைவைத்து ஏற்று நடத்தியோர் முறைகாரர் எனப்பட்டனர். மகமை என்பது ஒவ்வொரு வணிகரும் தாம் விற்கும் சரக்கின் அளவுக்கேற்பப் பொது நிதிக்குச் செலுத்திய சிறு பங்கு. மிகுதியாக விற்றவர் மிகுதியாகச் செலுத்தினார். குறைவாக விற்றவர் குறைவாகச் செலுத்தினார். செலுத்துவோருக்கு அது சுமையாகத் தோன்றாத அளவினது. ஆயினும், சிறுதுளி பெருவெள்ளம் ஆயிற்று. பேட்டையைக் கட்டியதும், காவலர்க்குக் கூலி கொடுத்ததும், கிணறு வெட்டியதும் அந்நிதியே. உமணர் வண்டிக்கு அடியில் கட்டிய சேம அச்சினை இவர்கள் ஊருக்கு அடியில் கட்டினர் என்று கூறலாம்.

1876ஆம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. அப்பாதை விருதுபட்டி வழியே சென்றது. பருத்தியும் மிளகாயும் தானியமும் இருப்புப்பாதை வழியாக விரைந்து சென்றன, வாணிகம் பெருகிற்று. அதே வேளையில், பேட்டையின் மதிலுக்கும் காவலுக்கும் இருந்த தேவை குறையலாயிற்று. தேவை தீர்ந்தது என்று மகமையை அவர்கள் கைவிட்டிருக்கலாம், ஆனால், கைவிடவில்லை. வழியில் கொள்ளையரை எதிர்க்க உதவிய நிதியை, அறியாமையை எதிர்க்கத் திருப்பினர். 1880களில் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி எழுந்தது. அது எல்லாக் குலத்துச் சிறுவர்க்கும் திறந்திருந்தது. கடைக்காரர் மகமை கொடுத்தனர். கடையில்லாதார் வீட்டிலிருந்தும் பங்கு வந்தது. நாள்தோறும் உலையிடும் அரிசியில் ஒரு பிடி அரிசியைப் பெண்கள் பள்ளிக்கென எடுத்து வைத்தனர். ஆதலின், மக்கள் அதனைப் 'பிடியரிசிப் பள்ளி' என்றும் அன்புடன் வழங்கினர்.

அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவர், 1903ஆம் ஆண்டில் விருதுபட்டியில் பிறந்த காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் அவர் படிப்பைத் தொடர இயலவில்லை. ஆயினும், பிறர் இட்ட ஒரு பிடி அரிசி எத்தனை சிறுவரைப் பள்ளிக்கு அழைத்துவரும் என்பதை அவ்வூரில் வளர்ந்த ஒருவர் அறியாதிருத்தல் இயலுமா? 1954ஆம் ஆண்டில் முதலமைச்சரான காமராசர், 1956ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் பகலுணவுத் திட்டத்தை நாடெங்கும் பரப்பினார். ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்குச் செய்ததை ஒரு மாநிலம் தன் பிள்ளைகளுக்குச் செய்தது.

இனிச் சிவகாசியை நோக்குவோம். மழை குறைந்த அவ்வூரில் உழவை மட்டும் நம்பி வாழ்தல் அரிதாயிருந்தது. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தாவிற்குச் சென்றனர். மொழி வேறு, உணவு வேறு, தட்பவெப்பம் வேறு, அறிமுகமற்ற பெருநகரம். அங்கே அவர்கள் எட்டுத் திங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றனர். 1923ஆம் ஆண்டில் ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். ஊரில் பயிரைக் கருக்கிய வெயில், குச்சியையும் மருந்தையும் உலர்த்தும் துணையாயிற்று. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழில் வளர்ந்தது. பெட்டிக்கு ஒட்டும் படத்தாள்களின் தேவையால் அச்சுத் தொழிலும் ஓங்கிற்று. இந்தியாவில் செய்யப்படும் பட்டாசில் பெரும்பகுதி இன்று இவ்வட்டாரத்திலிருந்தே வெளியூர்களுக்குச் செல்கிறது.

மாட்டு வண்டி சென்ற இடத்தில் இன்று லாரி செல்கிறது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு ஏற்றிய லாரிகள் வட மாநிலங்களை நோக்கி நாட்கணக்கில் ஓடுகின்றன. இப்பயணத்திற்கும் ஆயத்தம் வேண்டும். முன்னிலும் பன்மடங்கு வேண்டும். வெடிபொருளோடு எளிதில் தீப்பற்றும் பிற சரக்கை ஏற்றலாகாது. ஊர்திக்கு அருகில் புகைபிடித்தலாகாது. தீயணைக்கும் கருவி உடன் இருத்தல் வேண்டும். தொழிற்கூடத்திலும் அவ்வாறே, ஓர் அறையில் ஒரு சிலரே இருந்து வேலை செய்தல் வேண்டும்; அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். இவ்விதிகள் மீறப்படும்போது நேரும் துன்பம் பெரிது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோரை எண்ணும் ஒவ்வொரு முறையும், முறிவு நேரும் முன்னரே காவல் தேடிய பழைய வண்டிக்காரரின் அறிவு நம் நினைவிற்கு வருதல் வேண்டும். ஆதாயத்தில் ஒரு பங்கைக் காவலுக்கு ஒதுக்காத தொழில், சேம அச்சின்றிப் புறப்பட்ட வண்டியை ஒக்கும்.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை கல்விக்காகவோ தொழிலுக்காகவோ சொந்த ஊரைவிட்டு வேற்றூருக்கும் வேற்று நாட்டிற்கும் செல்வீர்கள். புறப்படும்போது உங்கள் வண்டியின் கடையாணியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கடமை. சென்ற இடத்தில் உங்கள் வருவாயிலிருந்து ஒரு பிடியைப் பொதுவுக்கு எடுத்து வையுங்கள். அது உங்கள் பெருமை. அப்பொதுவின் எல்லையை உங்கள் உறவினரோடு சுருக்கிவிடாமல், பக்கத்து வீட்டாருக்கும் உங்களுக்குப் பின் வருவோருக்கும் உரியதாக விரித்துக்கொள்ளுங்கள். பொதுவில் வைத்த அச்சிறு பங்கே, வந்தேறிய ஊரை நம் ஊராக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. 'சேம அச்சு' என்றால் என்ன? அதனை உமணர் உடன்கொண்டு சென்றமைக்குக் காரணம் யாது?
2. பேட்டையின் அமைப்பை விளக்கி எழுதுக.
3. மகமை எவ்வாறு திரட்டப்பட்டது? அது காலத்திற்கேற்ப எவ்வெப்பணிகளுக்குப் பயன்பட்டது?
4. தேரி நிலமும் கரிசல் நிலமும் ஒன்றன் குறையை மற்றொன்று எவ்வாறு தீர்த்தன?
5. உங்கள் ஊரில் பொதுமக்கள் பங்களிப்பால் எழுந்த பள்ளி, கிணறு, நூலகம் ஆகியவற்றுள் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.