துணியில் தழைத்த மரம்

துணிக்கலை என்றதும் பினாங்கு மாணவர்களாகிய நமக்குப் பாத்தேக்கும் ஞோஞ்ஞா மணி வேலைப்பாடும் நினைவுக்கு வருகின்றன. நம் பங்கைச் சேலைக் கடைகளோடு முடித்துவிடுகிறோம். ஆனால், உலகமே விரும்பி வாங்கிய ஒரு துணி 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் தமிழ், தெலுங்குக் கைவினைஞர்களிடம் உருவானது. அதன் நடுவே ஒரு பெரிய மரம் நின்றது.

அத்துணியின் பெயர் ‘பாலம்போர்’. கட்டில் விரிப்பைக் குறிக்கும் ‘பலங்போஷ்’ என்பதன் திரிபு அது. பாறைக் குன்றில் வேரூன்றிய முதுமரம், வளைந்த அடிமரத்தோடு துணி முழுவதும் கிளை பரப்பும். ஒரே மரத்தில் பலவகைப் பூக்கள் பூத்திருக்கும். அப்படியொரு மரம் எந்தக் காட்டிலும் இல்லை. 1643-இல் இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, வெள்ளைத் தளத்தில் கிளையும் பூவும் வண்ணமாக அமைந்த விரிப்புகளை அனுப்புமாறு சூரத்துக்கு எழுதியது. இவ்வாறு இந்திய, பாரசீக, சீன, ஆங்கில ரசனைகள் கலந்தே அம்மரம் வளர்ந்தது எனலாம். அதே சாயலுடைய மரங்களைக் குஜராத்தில் சங்கிலித் தையலிலும், இங்கிலாந்தில் கம்பளி நூலிலும் தைத்தார்கள்.

காடு தந்த வண்ணம்

உருவம் கற்பனை; வண்ணமோ உண்மையான மரஞ்செடிகள் தந்தது. வெளுத்த பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து தோய்ப்பர். காட்டு மரமான கடுக்காயின் துவர்ப்பு, சாயம் பற்ற உதவும்; பாலின் கொழுப்பு, கோடு பரவாமல் தடுக்கும். இரும்பும் வெல்லமும் ஊறிய நீரை மூங்கில் எழுதுகோலால் தொட்டு வரைந்தால் கறுப்புக் கோடு கிடைக்கும். சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டிச் சாயவேரோடு கொதிக்க வைப்பர். நீலத்துக்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்ப்பர். பாத்தேக்கிலும் மெழுகுதான் சாயத்தைத் தடுக்கிறது. சரவாக் இபான் பெண்கள் நெய்யும் ‘புவா கும்பு’வின் சிவப்பு, மெங்குடு வேரிலிருந்து வருவது, அது நம் நுணாவின் இனம்.

1786-இல் பினாங்குக் குடியேற்றம் தொடங்கியபின் சூலியா வணிகர்கள் இங்கே சோழமண்டலத் துணிகளைக் கொண்டுவந்தனர். சூலியா தெரு அவர்கள் பெயரைத் தாங்குகிறது. ‘கைன் பெலிக்காட்’ பழவேற்காட்டின் பெயரைத் தாங்குகிறது.

இழந்ததும் மிஞ்சியதும்

1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். மலிவான ஆலைச் சாயத்தின் முன் வேர்ச்சாயத் தொழில் நிலைகுலைந்தது. தொழில் போனதும் சொற்களும் ஒதுங்கின. சாயவேர், அவுரி ஆகியவற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அச்சொற்களைத் திரட்டுவது தமிழ் மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பணி. ஊசி பிடிக்கத் தெரிந்தவர்க்கு இன்னொரு பணியும் உண்டு. 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பினாங்குக் கொடிமலையில் பழங்காடு இன்னும் நிற்கிறது. அங்குள்ள மெரந்தி வகை மரங்களின் சிறகு முளைத்த காய்களை ஒருமுறை கையிலெடுத்துப் பாருங்கள். முன்னோர் இல்லாத மரத்தை வரைந்து உலகுக்கு அளித்தனர். நாம் கண்முன் இருக்கும் மரத்தையேனும் துணியில் ஏற்றலாமே!